செக்போஸ்ட் வருவதற்குள் பதில்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் தினமும் காலையில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வரிசையாகப் போகும். எல்லா ஜீப்பிலும் பாட்டு ஓடும். ஒரு ஜீப்பில் மட்டும் கேள்வி ஓடும். அது செல்வின் அண்ணனுடைய ஜீப்.

போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் உட்காரவும் பிடிக்காமல், நான் அந்த ஜீப்பில் ஏறினேன். நாங்கள் பதினான்கு பெண்கள். கேரளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கும் வேலை. அந்த நாலு மாதத்தில் நான் காய் எடுத்ததைவிடக் காதில் வாங்கியது அதிகம். அதில் ஒரு வாரத்துக் கதையை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் செல்வின் அண்ணன் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. அப்பா ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஜெபம் நடத்திய உபதேசியார். மகனையும் ஊழியத்துக்கு அனுப்ப வேண்டுமென்று வேதாகமப் பள்ளியில் சேர்த்தார். மகன் ஒரு வருடம் படித்தார். இரண்டாம் வருடம் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "மத்தவுங்களுக்கெல்லாம் அழைப்பு வந்துச்சு. எனக்கு லைசென்ஸ் வந்துச்சு" என்பார். ஆனால் அந்த ஒரு வருடப் படிப்பு அவரை விடவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஜாக்கியும் ஸ்பேனரும் கிடக்கும் பெட்டியிலேயே ஒரு பழைய வேதாகமமும் இருக்கும், கிரீஸ் படாமல் பாலிதீன் உறையில்.

ஜீப்பில் ஒரு விதி உண்டு. அடிவாரத்து வனத்துறை செக்போஸ்ட் தாண்டியதும் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். வேதத்தைப் பற்றி இருக்கலாம், அதை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் எப்படிப் பிழைப்பது என்றும் இருக்கலாம். மேலே கேரளா செக்போஸ்ட் வருவதற்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மெட்டு டீக்கடையில் பதினான்கு பேருக்கும் டீயும், பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் அவர் செலவு.

இது பக்தியில் ஆரம்பித்ததில்லை, வாந்தியில் ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் இரண்டு பேராவது தலையை வெளியே நீட்டுவார்களாம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவளுக்குக் குமட்டல் வருவதில்லை என்று அவர் கண்டுபிடித்தார். எனக்கு மட்டும் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. அதனால் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் முகம் போகும் போக்கை நான் பார்க்க முடிந்தது அப்படித்தான்.

லேசான கேள்வி என்றால் கியரை மாற்றாமலே பதில் வரும். கஷ்டமான கேள்வி என்றால் முதல் கியருக்கு இறங்கி மெதுவாக ஏறுவார். ரொம்பக் கஷ்டம் என்றால் ஹாரன் அடிப்பார். எதிரே வண்டி வருகிறதோ இல்லையோ, வளைவு வருகிறது என்று நீளமாக அடிப்பார். ஹாரன் கேட்டாலே பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், "பழம்பொரி ரெடி" என்பார்கள்.

செல்போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் வருமே என்று நான் முதல் வாரம் சொன்னேன். ஆறாவது வளைவுக்கு மேல் டவர் இல்லை என்று காட்டினார்கள்.

கேள்வி கேட்பதில் முதல் ஆள் முருகம்மாள் அக்கா. எங்கள் தெருதான். ஐம்பத்திரண்டு வயது, சுருளிமலைக்கு வருடம் தவறாமல் போகிறவர், சர்ச்சுக்குள் ஒருநாளும் காலை வைத்ததில்லை. ஆனால் நோவாவின் பேழையைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறை வேறு யாருக்கும் இல்லை.

"தம்பி, பேழைக்குள்ள யானை ரெண்டு ஏறுச்சுல்ல. மழை நாப்பது நாளு. தண்ணி வடிய அதுக்கு மேல எத்தனையோ மாசம். அம்புட்டு நாளும் யானைச் சாணிய அள்ளுனது யாரு?"

செல்வின் அண்ணன் முதல் கியருக்கு இறங்கினார். "வேதத்துல எழுதலக்கா. நோவாவுக்கு மூணு மருமகளுக இருந்தாக. அநேகமா அவுகதான்."

"அவுக பேரு என்ன?"

"பேரு போடல."

"அப்ப அவுகளேதான்" என்றார் முருகம்மாள் அக்கா.

சல்மா அக்காவின் கேள்விகள் வேறு மாதிரி. அவர் உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர், ஜீப்பில் எல்லாருக்கும் வெற்றிலை மடித்துக் கொடுப்பவர். ஒருநாள் கேட்டார்: "அண்ணே, எங்க பக்கத்து வீட்டு ஏஞ்சல் போன்ல உங்க ஆராதனையைப் பாத்துக்கிட்டே சின்ன வெங்காயம் உரிக்குது. அது ஆராதனையா, வெங்காயமா?"

"கண்ணீர் எதுக்கு வருதுன்னு பாக்கணும்" என்றார் அவர், மூன்றாவது கியரிலேயே.

எல்லா நாளும் அவர் ஜெயிப்பதில்லை. ஆதி மனிதர்களை வைத்த தோட்டத்து நடுவில் தின்னக் கூடாத பழத்து மரத்தையும் வைத்த கடவுள் அதைச் சுற்றி ஏன் வேலி போடவில்லை என்று முருகம்மாள் அக்கா கேட்ட நாளில் ஹாரன் நாலு வளைவுக்குக் கேட்டது. "காட்டுப்பன்னிக்கே நம்ம வேலி போடுறோமே தம்பி." மெட்டு வந்தது. அவர் இறங்கிப் போய்ப் பழம்பொரி சொன்னார். தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் ஒருநாளும் பேசியதில்லை. "தெரியாததைத் தெரியும்னு சொல்றதுக்குப் பழம்பொரி சல்லிசு" என்பார்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் காய் ஒரேயடியாகப் பழுத்தது. எஸ்டேட் சூப்பர்வைசர் ஒரு திங்கட்கிழமை ஜீப் பக்கம் வந்து நின்றார். ஆறு வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பு உண்டு, வருகிற ஞாயிறு முதல் ஏழு நாளும் ஜீப் வர வேண்டும் என்றார். வராவிட்டால் ஏழு நாளைக்கும் வேறு ஜீப் பார்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

செல்வின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பதில்லை. கல்யாணம் ஆன இருபது வருடத்தில் ஒரு ஞாயிறுகூட எடுத்ததில்லை. ஆனால் எங்களை ஏற்றி இறக்கும் இந்த ஓட்டம் கையைவிட்டுப் போனால் அவருக்கு வேறு ஓட்டமும் கிடையாது. எங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் வேண்டும்.

மறுநாள் காலை செக்போஸ்ட் தாண்டியதும் சல்மா அக்கா ஆரம்பித்தார். "அண்ணே, நீங்கதான் முந்தி சொன்னீக. ஓய்வு நாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்கி விடலாம்னு உங்க ஏசுவே சொன்னாகன்னு. காய் பழுத்து வெடிக்கிறதும் அதே கணக்குத்தான?"

செல்வின் அண்ணன் சொன்ன பதிலையே அவருக்கு எதிராக எடுத்து வீசினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு ஞாயிறு விழுந்தா தூக்கலாம் சல்மா. ஆறு ஞாயிறும் அதே ஆடு அதே குழியில விழுந்தா, யாரோ தள்ளி விடுறாகன்னு அர்த்தம்."

பின்னால் சிரித்தார்கள். சல்மா அக்காவும் சிரித்தார். முருகம்மாள் அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, ஏழாம் நாள் யாரெல்லாம் வேலை செய்யக் கூடாதுன்னு உங்க சாமி ஒரு பட்டியல் குடுத்தாகன்னு சொன்னீகளே. அதைத் திரும்பச் சொல்லுங்க."

"நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊருக்குள்ள தங்கியிருக்கிற வெளியூர்க்காரன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"மகன் இருக்கான். மக இருக்கா. மாடு கழுதைகூட இருக்கு. பொண்டாட்டி எங்க?"

ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது. கியர் விழவில்லை. செல்வின் அண்ணன் உதடு அசைய மனதுக்குள் அந்தப் பட்டியலை மறுபடி ஓட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பிறகு ஹாரன் அடித்தார். வளைவுக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருந்தது.

"பொறுமையாச் சொல்லுங்க. சனிக்கிழமை வரைக்கும் டைம் தாரேன்" என்றார் முருகம்மாள் அக்கா. "பதில் சொல்லிட்டீகன்னா நாங்க பதினாலு பேரும் சூப்பர்வைசர்ட்ட உங்களுக்காகப் பேசுறோம். சொல்லலைன்னா நீங்க ஞாயித்துக்கிழமை வண்டிய எடுக்கணும். சரியா?"

"சரிக்கா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? விதியே அவர் போட்டதுதான்.

அன்று பழம்பொரி. புதன்கிழமையும் பழம்பொரி. கடைக்காரச் சேட்டன் எங்கள் ஜீப்பைக் கண்டதுமே எண்ணெயில் போட ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் நேரே சபைப் போதகரான ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஐயர் நல்ல படிப்பாளி. வியாழக்கிழமை காலை அந்தப் பதில் ஜீப்பில் ஏறியது.

"அக்கா, பட்டியல்ல மொத வார்த்தை 'நீ'. புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணுன்னு வேதம் சொல்லுது. அதனால அந்த 'நீ'க்குள்ளயே பொண்டாட்டியும் வந்துருச்சு. தனியாச் சொல்லத் தேவையில்ல."

நல்ல பதில் என்று எனக்குத் தோன்றியது. பின்னால் இரண்டொருவர் தலையாட்டினார்கள். முருகம்மாள் அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"சரி. அப்ப நீங்க ஓய்வு எடுத்தா அவுகளும் ஓய்வுல இருக்காகன்னு அர்த்தம்."

"ஆமா."

"போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல என்ன சமையல்?"

"கோழிக் கொழம்பு."

"யாரு வச்சது?"

அவர் ஹாரனில் கையை வைத்தார். பிறகு அடிக்காமலே எடுத்துவிட்டார். மெட்டு வரைக்கும் முதல் கியர்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நடந்ததை அவர் மனைவி ஜெபஷீலா அக்கா பின்னால் எனக்குச் சொன்னார். அவர் அங்கன்வாடியில் உதவியாளர். வாரம் ஆறு நாளும் இருபது பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவர்.

தோசையைப் பிய்த்துக்கொண்டே அண்ணன் கேட்டாராம்: "ஷீலா, அந்தப் பட்டியல்ல பொண்டாட்டிய ஏன் விட்டாக?"

"எழுதுறப்ப பக்கத்துல யாரு சோறு வச்சுக்கிட்டு நின்னாகளோ, அவுகள மறந்துட்டாக போல" என்று இன்னொரு தோசையைப் போட்டிருக்கிறார் இவர்.

"வெளையாடாத. எனக்குச் சனிக்கிழமைக்குள்ள வேணும்."

ஜெபஷீலா அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாராம். "நம்ம கல்யாணத்தப்ப நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்?"

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கக் கூடாதுன்னு."

"எதுக்குக் கேட்டேன்?"

"கர்த்தருடைய நாள்."

"கர்த்தருக்கு எல்லா நாளும் அவர் நாள்தான். எனக்குத்தான் ஒரு நாளு வேணும்னு கேட்டேன். வாரத்துல ஒரு நாளாவது நீங்க என்கூட இருப்பீகன்னு. நீங்க கோயிலுக்குப் போயிட்டு வந்து, கோழியத் தின்னுட்டு, அஞ்சு மணி வரைக்கும் தூங்குறீக. இருபது வருசமா கர்த்தருக்குக் கீழ்ப்படிஞ்சு தூங்குறீக."

அவர் தோசையை வைத்துவிட்டாராம். "இதை முந்தியே சொல்லிருக்கலாம்ல?"

"எனக்கு யாரும் பழம்பொரி பந்தயம் கட்டலையே" என்றாராம் ஜெபஷீலா அக்கா.

வெள்ளிக்கிழமை செல்வின் அண்ணன் கேள்விப் பக்கமே போகவில்லை. பழம்பொரிக்குச் சொல்லிவிட்டு, டீக்கடையில் நின்ற இன்னொரு ஜீப்காரரிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அவர் உமர் பாருக். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பாய் ஆட்களை இறக்கும் எஸ்டேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆனால் வெள்ளிக்கிழமை அவருக்குப் பெரும்பாடு. ஜும்ஆ தொழுகைக்குக் கம்பத்துக்கு இறங்கி, தொழுதுவிட்டுச் சாப்பிடாமல் கொள்ளாமல் திரும்ப மேலே ஓடி வந்து ஆட்களை ஏற்ற வேண்டும். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் பாய் கையிலிருந்த டீயை இவரிடம் கொடுத்தார். பேச்சு முடிந்தது என்று தெரிந்துகொண்டோம். என்ன பேச்சு என்று தெரியவில்லை.

சனிக்கிழமை. அடிவாரத்து செக்போஸ்ட் தாண்டியது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேள்விதான் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்ததே.

"அக்கா, நான் தோத்துட்டேன்" என்றார் செல்வின் அண்ணன். "பட்டியல்ல பொண்டாட்டி இல்ல. ஏன் இல்லைன்னு எனக்குத் தெரியல. ஐயர் சொன்னது புஸ்தகத்துக்குச் சரி. என் வீட்டுக்குச் சரியா வரல."

"அப்ப நாளைக்கு வண்டி எடுக்குறீக."

"நாளைக்கு வண்டி வரும். உமர் பாய் வருவாக, ஆறு ஞாயிறும். அதுக்குப் பதிலா வெள்ளிக்கிழமை பாய் தொழுதுட்டு வீட்டுலயே இருப்பாக. சாயங்காலம் உங்கள இறக்கிட்டு இன்னொரு நடை மேல வந்து அவுக ஆளுகளையும் நான் இறக்கிருவேன். நான் மட்டும் நாளைக்கு வர முடியாதுக்கா."

"தோத்தவுக நீங்க. ஏன் வர முடியாது?"

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "சமைக்கணும்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சல்மா அக்காதான் சிரிக்க ஆரம்பித்தார். வளைவுக்கு வளைவு சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்தே குமட்டல் வந்துவிட்டது.

முருகம்மாள் அக்கா மட்டும் யோசித்துக்கொண்டே வந்தார். மெட்டு நெருங்கும்போது சொன்னார்: "பதில் இல்ல தம்பி. ஆனா காரணம் நல்லாருக்கு. சூப்பர்வைசர்ட்ட நான் பேசுறேன்."

பேசினார். திங்கள் முதல் சனி வரை இந்த ஜீப்தான் வேண்டும், இல்லாவிட்டால் பதினான்கு பேரும் வேறு எஸ்டேட் பார்த்துக்கொள்கிறோம் என்றார். சூப்பர்வைசருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ஜீப் வந்தால் போதும். "ஓட்டுறது பாயா இருந்தா என்ன, பாதிரியா இருந்தா என்ன" என்று போய்விட்டார்.

திரும்பும்போது நான் முருகம்மாள் அக்காவிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர ஏன் இவ்வளவு ஆசை என்று. "ஏ ஓவியா, இங்கன வந்தா ஒரே வேலை, காய் எடுக்குறது. வீட்டுல இருந்தா பதினாறு வேலை. எனக்கு ஓய்வு நாளே எஸ்டேட்டுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உமர் பாய் வந்தார். செக்போஸ்ட் தாண்டியதும் பழக்கதோஷத்தில் சல்மா அக்கா கேள்வியைப் போட்டார், மீனின் வயிற்றுக்குள் மூன்று நாள் கிடந்தவரைப் பற்றி. பாய் இரண்டே வளைவில் பதில் சொல்லிவிட்டார். அவர்கள் வேதத்திலும் அந்த நபி உண்டாம். எங்களுக்கு உற்சாகமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை செல்வின் அண்ணனிடம் இதைச் சொல்லாமல் விடுவார்களா?

"பாய் நேத்து ரெண்டே வளைவுல சொல்லிட்டாக அண்ணே. ஹாரனே அடிக்கல."

"அப்படியா" என்றார் அவர். கியரை மாற்றிய வேகத்தில் எனக்கு முழங்காலில் இடித்தது. கொஞ்ச தூரம் போனதும், யாரிடமும் இல்லாத மாதிரி கேட்டார்: "அந்தப் பொண்டாட்டிக் கேள்விய அவுககிட்ட கேட்டீகளா?"

"கேட்டோமே" என்றார் முருகம்மாள் அக்கா. "'இதை எங்க வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும்'னாக. டீயும் பழம்பொரியும் அவுக வாங்கிக் குடுத்தாக."

செல்வின் அண்ணனின் முகம் அந்த இடத்தில் மலர்ந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

மெட்டில் இறங்கியதும் அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த கோழிக் குழம்பு, காலையில் சுடவைத்துக் கொண்டு வந்தது. கடைச் சேட்டனிடம் அவித்த கப்பைக்கிழங்கு வாங்கி எல்லாருக்கும் இலையில் வைத்து, குழம்பை ஊற்றினார். ஜெபஷீலா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்லச் சொல்ல, காலை ஆராதனைக்குப் பிறகு தொடங்கிய சமையல் மூன்று மணிக்கு முடிந்ததாம். தூக்கமே இல்லையாம். சொல்லும்போது அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முருகம்மாள் அக்கா கிழங்கைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"உப்புத் தூக்கல்" என்றார். "ஆனா பதில்ல பாதி வந்துருச்சு."

"பாதிதானா?"

"பாத்திரம் யாரு வெளக்குனது?"

செல்வின் அண்ணன் தூக்குவாளியை மூடினார். போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அந்த டீக்கடை வாசலில் சாலை நேராகத்தான் போகிறது, எந்தப் பக்கமும் வளைவு கிடையாது. ஆனாலும் அவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.